ஆயுத பூஜையன்று ஓய்ந்த பேட்டரி

ஆனையூர் நாகஜோதிக்கு முப்பது வயது. சொந்தக்காரர்கள் யாராவது “என்ன வேலை பாக்குற?” என்று கேட்டால், “பேட்டரிக்குள்ள இருக்கிற தாளுக்குப் பூச்சு பூசுறேன்” என்பாள். பெயிண்டர் வேலைக்கா இம்புட்டுப் படிப்பு என்று உச்சுக்கொட்டுவார்கள்.

லித்தியம்-கந்தக பேட்டரியில் ஒரு தொல்லை. கந்தகம் கரைந்து, நடுவிலுள்ள தடுப்புத் தாளைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும், சார்ஜ் இறங்கிவிடும். நாகஜோதி அந்தத் தாளில் கரிப்பூச்சு பூசினாள். டீயை விட்டுத் தூளைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி மாதிரி, அது லித்தியத்தை விட்டுக் கந்தகத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்த பொத்தான் அளவு பேட்டரி ஒன்று, சார்ஜ் ஏறுவதும் இறங்குவதுமாக மாதக்கணக்கில் சோதனை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. “நடுவுல நின்னுச்சுன்னா ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்” என்று வழிகாட்டிப் பேராசிரியர் செல்வக்குமார் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. கல்லூரி மேனேஜர் சிவபாண்டி சந்தனக் கிண்ணத்தோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

“எல்லா மெஷினையும் அமத்தும்மா. இன்னைக்கு அதுகளுக்கு லீவு.”

“அண்ணே, இது மட்டும் ஓடட்டும்ணே. நிறுத்துனா என் படிப்பே போயிரும்.”

“எங்க ஓடுது? அங்கனயேதான உக்காந்திருக்கு?”

சுவிட்சை அமர்த்திப் பொட்டும் வைத்துவிட்டார். நாகஜோதி செல்வக்குமாருக்குப் போன் போட்டு அழுதாள். “சாமி காரியத்துல நான் எப்படிம்மா தலையிட முடியும்?” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்து மெஷினைப் போட்டாள். பூஜையன்று நிரம்பியிருந்த சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருந்தது! பேட்டரி சும்மா கிடக்கும்போதுதான் கந்தகம் திருட்டுத்தனமாக நழுவிப் போய் அதைக் காலி பண்ணும். பூச்சு அதை நழுவ விடவில்லை. மாதக்கணக்கில் ஓடிக் காட்டாததைச் சும்மா இருந்தே காட்டிவிட்டது.

எல்லாம் பூஜையின் மகிமை என்றார் கல்லூரித் தாளாளர். செல்வக்குமாரோ அதற்கு ‘ஓய்வுச் சோதனை’ என்று பெயர் வைத்து, முதலிலிருந்தே தன் திட்டம் அதுதான் என்று கருத்தரங்கு தவறாமல் பேசினார். நாகஜோதி அதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஆய்வேட்டை எழுதி முடித்தாள்.

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குப் போனாள். நன்றிப் பக்கத்தில் முதல் பெயரைப் பார்த்ததும் பேராசிரியரின் முகம் சுருங்கியது.

“சிவபாண்டியா? அவருக்கு எதுக்கும்மா நன்றி?”

“சுவிட்ச அமத்துனது அவருதான சார்? நீங்கதான் தலையிட முடியாதுன்னுட்டீங்களே.”

ஊரெல்லாம் பெருமை பேசிய சோதனையை, நடுவில் நின்றுபோனது என்று இனி அவரால் தள்ளவும் முடியாது. அந்தப் பெயருக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார்.