ஞாயிறு சேராத பதினான்கு நாள்

கடந்த ஆண்டு ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மழை இல்லை. ஆனால் பனி இறங்கியிருந்தது. எதிர்ச் சரிவில் தேயிலையின் கீழ்ப்பக்க ஏழு வரிசைதான் தெரிந்தது. நான் பாயின் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, எஸ்டேட் சாலை பெரிய சாலையில் வந்து சேருமிடத்தில் தகரக் கூரை போட்ட கடை. ஆறு மேசை, இருபத்திரண்டு நாற்காலி. பின்னால் ஓர் அறை. மனைவி இறந்தபின் பாய்க்கு வீடும் அதுதான். இன்னும் மேலே திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ் ஏற்றி இறங்கும் லாரிக்காரர்கள் அங்கே நிறுத்தி ரொட்டி சானாய் என்ற வீச்சுப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தொரு வருஷம் நடந்த கடை. பாய்க்கு மலாய் நன்றாகப் பேச வரும், படிப்பதென்றால் சிரமம். நான் எஸ்டேட் ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதியவன். ஆகவே கடைக்கு வரும் கடிதமெல்லாம் என் கைக்கு வரும்.

அன்று வந்தது ஒரே ஒரு தாள். கடையைச் சுற்றியுள்ள நிலம் சரக்குப் போக்குவரத்து வட்டாரமாகிறது. குளிர் கிடங்கும் லாரி நிறுத்துமிடமும் வரும். வட்டாரத்துக்குள் தொழில் செய்ய இனி ஒரே கவுண்டர், ஒரே அனுமதி. ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் பதினான்கு நாளுக்குள் பதிந்துகொண்டால் புதிய கடை வரிசையில் ஓரிடம் உறுதி. பதியாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பழைய கடை அகற்றப்படும்.

"நல்ல சேதிதான், பாய்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். முன்பெல்லாம் லைசென்சுக்கு நான்கு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும். ஒருமுறை பதினொரு மாதம் ஆயிற்று.

"அப்ப இன்னிக்கே போயிட்டு வந்துருவோம்லா, கிராணி. வேன்ல எண்ணெ இருக்கு."

"வெறுங்கையோடயா போவீங்க? அது இல்ல, இது இல்லன்னு திருப்பி அனுப்புவான். எல்லாத்தையும் சேத்துக் கொண்டுபோனா ஒரே தடவையில முடிஞ்சிரும்."

"ஒரு பேப்பர் கேட்டா ஒம்பது குடுக்கிற ஆளு நீங்க. ஆபீஸ்காரன் பயந்துரப் போறான்" என்று சிரித்தபடி பாய் மாவை வீசினார்.

பதினான்கு நாளை நான் செக்ரோல் கணக்கில் எண்ணினேன். செக்ரோல் என்பது தொழிலாளர் வேலைக்கு வந்த நாளைக் குறிக்கும் ஏடு. எங்கள் ஏட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டம் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக என் வாரத்துக்கு ஆறே நாள். தாள் கையில் கிடைத்த மறுநாள் புதன், அது ஒன்று. சனி, நான்கு. திங்கள், ஐந்து. பதினான்காம் நாள் ஜூலை இருபத்துநான்கு, வியாழன். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

பிறகு சேர்க்க ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருஷ ரசீதுகள், கடையின் நான்கு புகைப்படங்கள், எஸ்டேட் மேனேஜரின் கடிதம். மேனேஜர் லீவில் இருந்தார். அதற்கே ஐந்து நாள் போயிற்று. பாய் தினமும் கேட்பார், "இன்னும் எத்தன நாளு, கிராணி?" நானும் தவறாமல் சொல்வேன். எல்லாம் சேர்ந்தபோது நாற்பத்துமூன்று பக்கம். ஜூலை இருபத்துமூன்று, புதன்கிழமை புறப்பட்டோம். ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொண்டு போகிறோம் என்று வழியில் பெருமையாகச் சொன்னேன்.

வட்டார அலுவலகத்தில் வரிசையே இல்லை. கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். பாயின் அடையாள அட்டை எண்ணை அடித்தாள், நிறுத்தினாள், மறுபடி அடித்தாள்.

"பாக்சிக், சிஸ்டம் சுடா துத்துப்."

பெரியவரே, சிஸ்டம் மூடிவிட்டது என்றாள். தாளில் இருந்த தேதி ஜூலை ஏழு. அதிலிருந்து பதினான்கு நாள், திங்கட்கிழமையோடு முடிந்தது. ஞாயிறும் நாள்தான். செவ்வாய் காலையிலேயே கம்ப்யூட்டர் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டது. நான் கோப்பை அவள் பக்கம் தள்ளினேன். இதெல்லாம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. இது எதுவுமே வேண்டியதில்லையாம். அடையாள அட்டை மட்டும் போதுமாம். ஐந்து நிமிட வேலையாம்.

அந்த முதல் நாளே பாய் வேனை எடுக்கிறேன் என்றாரே என்பதுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது மூன்றாவது வளைவில் அவர் கியரைக் குறைத்தார். பிறகு, "ஓய் கிராணி" என்றார். "எஸ்டேட்ல ஞாயித்துக்கெழமைக்கு சம்பளந்தான் போடமாட்டீங்க. இப்ப நாளையே போடாம விட்டுட்டீங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்று மேல்முறையீடு எழுதினேன். மூன்றுக்கும் இரண்டே நாளில் மரியாதையான பதில் வந்தது: விதியில் இடமில்லை. பழைய அலுவலகங்களாக இருந்தால் என் கடிதம் மாதக்கணக்கில் ஏதாவதொரு மேசையில் கிடந்திருக்கும். அந்த மாதங்களில் பாய் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு இருந்திருப்பார். புதிய முறையில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வேகமாக இருந்தது, நேர்மையாக இருந்தது. அதற்குள் கால் வைக்க எனக்குத்தான் தெரியவில்லை.

"தப்பு என்னோடது, பாய்."

"காலண்டர் எங்க தொங்குச்சு? என் சுவத்துலதானே? பதினாலு தடவ பாத்தேன், எனக்கும் எண்ணத் தெரியலியே." மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த மேசை. "ஈப்போவுல மக வீட்டுல மூணாவது மாடி. நல்ல பிள்ளதான். ஆனா காலையில எந்திரிச்சு யாருக்கு அடுப்பு மூட்டுறது, கிராணி?"

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து கடையைக் காலி செய்தார். நாற்காலிகளை எஸ்டேட் கோயிலுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரொட்டி சுடும் கனத்த இரும்புக் கல்லை மட்டும் விட மனமில்லை. மகளுக்குப் போன் செய்தார். வைக்க இடமில்லை என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. இருந்தும் லாரியில் ஏற்றினார்.

என் சேமிப்பை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துப் பார்க்காமலே என் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார்.

"வேண்டாம்லா. சரி, லாரி வாடகைய மட்டும் குடுத்துருங்க. அதுவும் வாங்கலன்னா நீங்க தூங்க மாட்டீங்க."

லாரிக்காரர் அவர் கடையில் சாப்பிட்டு வளர்ந்த மனிதர். ஈப்போ வரைக்கும் பாதி வாடகைதான் கேட்டார். நான் முழுதாகக் கொடுத்தேன். நானூற்று எண்பது வெள்ளி.