அப்பா கழற்றிய கிளச்

எங்கள் கார் மரக்குற்றிகளின் மேல் நின்ற காலத்தில்தான் அப்பா எங்களோடு மிகவும் அன்பாக இருந்தார். இப்படிச் சொல்வது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்தோம். அப்பா துறைமுகப் பக்கத்து ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்தவர். ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகும் காலையில் முகம் வழித்து, சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் விறாந்தைக் கதிரையில் பேப்பரோடு இருப்பார். அம்மா ஆசிரியை. வீட்டில் இருந்த பழைய யப்பான் கார் அம்மா தன் சம்பளத்தில் வாங்கியது. ஓடுவதும் அவர்தான். எங்கள் ஒழுங்கையில் வேறெந்தப் பெண்ணும் கார் ஓடியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகும்போது அப்பா இடப்பக்கத்தில் இருந்துகொண்டு "மெல்ல, மெல்ல, மாடு வருது" என்று சொல்லிக்கொண்டே வருவார். மாடு வெகுதூரத்தில் தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த வருடம் அம்மாவுக்கு அதிபர் பதவி வந்தது. பள்ளிக்கூடம் வெருகலில். கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூரும் தாண்டிப் போகவேண்டும். பஸ்ஸை நம்பினால் விடியுமுன் வெளிக்கிட்டு இருட்டிய பிறகுதான் வீடு வரலாம். "கார் இருக்குத்தானே, நான் ஓடிப்போய் வருவன்" என்றார் அம்மா. அந்த நாட்களில் அவர் அலுமாரியைத் திறந்து சேலைகளை எடுத்து விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். அப்பாவும் சந்தோஷப்பட்டார். கேக் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்குத் தானே போய், "இனி எங்கட வீட்டில ஒரு அதிபர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை அப்பா காரை ஒழுங்கை முடிவுவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, கிளச் போய்விட்டது என்றார்.

"நேற்றும் மூதூர் போயிட்டு வந்தனான். ஒண்டும் தெரியேல்லையே" என்றார் அம்மா.

"உமக்கு எப்பிடித் தெரியும்? எந்த நேரமும் கிளச்சில காலை வைச்சபடி ஓடுறீர். பிளேட் தேஞ்சுபோச்சு. இப்பிடியே கொண்டுபோனா ஆனைக் காட்டுக்குள்ளதான் நிக்கும்."

"அப்ப கராச்சில குடுப்பம்."

"கராச் ஏன்? நான் என்னத்துக்கு இருக்கிறன்? ரெண்டு நாள் வேலை."

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். வேலை போன பிறகு எந்த வேலையையும் நான் செய்கிறேன் என்று அப்பா முன்வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவின் முகம் இளகிவிட்டது. "ஓம், நீங்களே செய்யுங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய இரண்டு ஜாக்குகளால் காரைத் தூக்கி, நாலு பக்கமும் மரக்குற்றி வைத்து, அடியில் பழைய பாயை விரித்து அப்பா நுழைந்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, எது எங்கே இருந்தது என்று பிசகாமல் பலகையில் வரிசையாக அடுக்கினார். கியர்ப்பெட்டியை இறக்கும்போது ஒழுங்கையில் உள்ள ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா பாயில் படுத்தபடியே "இப்ப விடுங்கோ... பிடியுங்கோ... மெல்ல" என்று கட்டளையிட, அவர்கள் அப்படியே செய்தார்கள். ஆலையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அன்று பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஒரு சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

இரண்டு நாள் வேலை அதோடு நின்றது. புதுப் பிளேட் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். வந்ததும் அளவு பிழை என்று திருப்பி அனுப்பினார். அடுத்தது வந்தபோது பெயாரிங்கையும் மாற்றாவிட்டால் செய்த வேலை வீண் என்றார். பெயாரிங் வந்தபோது மழை தொடங்கி, கார் நின்ற இடம் சேறாகிவிட்டது. ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது.

அம்மா பஸ்ஸில் வெருகலுக்குப் போய்வந்தார். நான் எழும்பும்போது வீட்டில் இருக்கமாட்டார். திரும்பும்போது கால் வீங்கியிருக்கும். கிண்ணியா வரையும் நின்றுகொண்டு வந்தேன் என்பார். அப்பா சைக்கிளோடு சந்தியில் போய் நிற்பார். அம்மாவின் பையை வாங்கி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடத்திக் கூட்டிவருவார். சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார். புட்டு அவித்து வைத்திருப்பார். எனக்குத் தலை பின்னிவிடவும் பழகிக்கொண்டார். பேப்பரும் கையுமாக இருந்த மனிதரைக் காணவில்லை. வீட்டில் முந்திய சத்தமில்லை, சண்டையில்லை. கார் இப்படியே நின்றால் நல்லது என்றுகூட நான் நினைத்தேன்.

ஒரு நாள் அம்மா நேரத்தோடு வந்தார். கல்வி அலுவலகத்துக்குப் போய், பதவி வேண்டாம், பழைய பள்ளிக்கூடத்துக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"ஏலாமப் போச்சு" என்றார்.

"உடம்புதான் முக்கியம்" என்றார் அப்பா. அன்று நண்டு வாங்கிவந்து தானே கறி வைத்தார். அம்மாவுக்கு ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தம்புள்ளைக்கும் திருகோணமலைக்கும் இடையில் மரக்கறி லொறி ஓடுபவர். கார் நின்ற நிலையைப் பார்த்ததும் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"வாங்கோ அத்தான், ரெண்டு பேருமாப் பூட்டுவம்."

"சேறு காயட்டும் தம்பி."

"காஞ்சுதானே கிடக்கு."

அப்பாவுக்கு மறுக்க வழியில்லாமல் போய்விட்டது. புதுப் பிளேட்டின் அளவு சரியா என்று ஒத்துப்பார்க்க மாமா பழையதைக் கேட்டார். அப்பா காருக்கு அடியில் இருந்து "அது எங்கயோ போட்டன்" என்றார். எங்கே என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சாக்கோடு எடுத்து வந்து மாமாவிடம் கொடுத்தேன்.

மாமா தூசியைத் துடைத்து, பிளேட்டில் இருந்த ஆணிகளின் மேல் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, காருக்கு அடியில் தெரிந்த அப்பாவின் கால்களைப் பார்த்தார். "அளவு சரி" என்று மட்டும் சொன்னார். பின்னேரத்துக்குள் கியர்ப்பெட்டி ஏறிவிட்டது.

தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனபோது மாமா அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா, பிளேட் தேஞ்சா ஆணி வெளிய வந்திடும். பழையதில ஆணி நல்ல ஆழத்தில கிடக்கு. கிளச்சுக்கு ஒரு குறையும் இருக்கேல்ல. இன்னும் ஏழெட்டு வரியம் ஓடும்."

அம்மா கேத்தலைப் பிடித்தபடி நின்றார். "அவருக்கு உது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார்.

மாமா கோப்பைகளை எடுத்து வைத்தார்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. உடனே ஓடிப்போய், கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, பழைய பிளேட் நல்லாத்தான் இருக்காம். மாமா சொன்னவர். இது போனாலும் அதைப் போடலாம்." அப்பா நிமிரவில்லை. கழுவிய கையிலேயே திரும்பத் திரும்பச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவரா இல்லையா என்று தெரியாமல் நான் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

அன்று வீட்டில் ஒரு சண்டையும் நடக்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதன்பின் அவருக்கு அதிபர் பதவி வரவேயில்லை. ஆசிரியையாகவே ஓய்வுபெற்றார். கார் ஓடுவதையும் விட்டுவிட்டார். கேட்பவர்களிடம் "கால் நோகுது" என்பார். அப்பாவுக்குச் செய்யவேண்டியதை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அவரோடு சிரித்துக் கதைத்ததை மட்டும் நான் காணவில்லை. கழற்றிய அன்றே அப்பாவுக்கு எல்லாம் தெரியும், கழற்றுவதற்கு முன்பேகூடத் தெரிந்திருக்கலாம் என்பதை, நான் வளர்ந்து, சொந்தமாகக் கார் வாங்கி, என் கிளச் தேய்ந்து, கராச்காரர் பழைய பிளேட்டை என் கையில் தந்த அன்றுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

மாமா வந்து பூட்டிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வெளிக்கிட்டோம். கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. அப்பா சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

"ஓடிப் பாருமன். இப்ப பூப்போல இருக்கு."

"நீங்களே ஓடுங்கோ."

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு போய்ச் சுக்கானுக்கு முன்னால் ஏறி இருந்தார். இடப்பக்கக் கதவை உள்ளே இருந்து எட்டித் திறந்துவிட்டார். அம்மா அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் வந்து என்னருகில் ஏறினார். அதற்குமுன் அவர் பின் இருக்கையில் இருந்ததை நான் பார்த்ததில்லை. வழி முழுக்க அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏன் அம்மா முன்னுக்கு இருக்கேல்ல?" என்று கேட்டேன்.

"உன்னோட இருக்கத்தான்" என்றார்.

நான் நம்பினேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கோயில் வரும்வரைக்கும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.