பெரில் நிறுத்திய மெஷின்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் ரெக்கார்டு ஆலையில் பெரில் ஆட்டவே என்பவளுக்குக் கேட்கிற வேலை. ஐம்பது இசைத்தட்டுக்கு ஒன்றை எடுத்து, ஹெட்போனை மாட்டி, கீறல் சத்தம் இருக்கிறதா என்று கேட்பாள். என்ன பாட்டு என்பதெல்லாம் அவள் காதில் ஏறியதே இல்லை. பக்கத்து மேஜையில் உறை போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

1978 மார்ச்சில் ஸ்லாக் ஹீப்ஸ் என்ற பங்க் ராக் இசைக்குழுவின் மூன்றாவது சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டைக் கேட்டவள் பாதியில் ஊசியைத் தூக்கினாள். திரும்பவும் ஊசியை வைத்துக் கேட்டாள். சிப்பாய் ஒருவன் சவப்பெட்டியில் வீடு திரும்புவதைக் கேலி செய்யும் பாட்டு. பட்டாளத்திலிருந்த அவள் தம்பி காலின் பெல்ஃபாஸ்டிலிருந்து பெட்டியில் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

எழுந்து போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஆறு மெஷினும் நின்றன.

ஃபோர்மன் ஓடிவந்தார். "என்னாச்சு பெரில்?"

"இத நான் அனுப்ப மாட்டேன்."

"பாட்டு எப்படின்னு உன்ன யாரு கேட்டா? கீறல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஓட்டு. இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு."

அவள் நகரவில்லை. எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷனுக்கு வேலையில்லை. ஆனாலும் கையிலிருந்த உறைகளைக் கீழே வைத்தேன். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் வைத்தார்கள். பதினெட்டுப் பேர்.

மறுநாள் காலை வாசலில் அந்தக் குழுவின் கிடார்க்காரன் டெரெக் ஸ்பூனர் நின்றிருந்தான். இருபது வயசு, காதில் ஊக்கு. பெரிலின் தம்பி விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"ஏம்மா, எங்க வயித்துல அடிக்கிறீங்க? உங்க தம்பியச் சொல்லலம்மா. அவர அனுப்பினவங்களத்தான் திட்டினேன்."

"அப்ப அவங்க பேரப் போட்டுத் திட்டியிருக்கணும் தம்பி. பெட்டியில வந்தது அவன்."

பையன் கிளம்பிப் போனான்.

பாட்டு வேறொரு ஆலையில் அச்சாகி வெளிவந்தது. எங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. பெரிலை மட்டும் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். ஆலை மூடும்வரை அங்கேயே இருந்தாள்.

முப்பது வருஷம் கழித்து ஸ்லாக் ஹீப்ஸின் ஒன்பது சிங்கிள்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். என் மகன் வாங்கிவந்தான். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தில், "பயந்துபோன முதலாளிகள் மெஷினை நிறுத்தினார்கள்" என்று இருந்தது. பெரிலுக்குப் படித்துக் காட்டினேன். அந்தச் சனிக்கிழமையே, டெரெக் அந்தத் தொகுப்பில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் ரெக்கார்டு கடைக்கு, அந்தப் புத்தகத்தோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நிற்கும்போது என் முழங்கையை அவள் விடவே இல்லை.

டெரெக்குக்குத் தலை வழுக்கை. நிமிராமலே கேட்டான்: "யார் பேருக்கு?"

"மெஷின நிறுத்தினவளுக்குன்னு எழுது."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தான். பின்னால் யாரோ, "சீக்கிரம் பாட்டி" என்றார்கள். இவள் திரும்பக்கூட இல்லை.

"முதலாளிங்கன்னு சொன்னாத்தான் எங்களுக்கு மரியாதையா இருந்துச்சு," என்றான் மெல்ல. "வேலைக்காரப் பொம்பளைங்க நிறுத்தினாங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

அவள் விரித்து நீட்டிய புத்தகத்தில் அந்த முதலாளி வரியை அடித்துவிட்டு, மேலே 'பெரில் ஆட்டவே' என்று எழுதினான். பேரை மறக்கவில்லை.

அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னான். அடுத்த பதிப்பு வரவே இல்லை. பெரில் துணி தேய்க்கும்போது அந்தத் தொகுப்பைப் போடுவாள். ஏழாவது பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்றாவதை மட்டும் இன்றுவரை கேட்பதில்லை.