பதினேழாம் நம்பர்

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பயிறு மூட்டை தூக்குகிறவர்கள் இருபத்திரண்டு பேர். தாண்டவராயன் பதினேழாம் நம்பர். அப்பா செத்தபோது வீடோ நிலமோ வரவில்லை. இந்த நம்பர் வந்தது. வேலைக்கு வராதவன் தன் நம்பரில் வேறு ஆளை அனுப்ப வேண்டும். பத்து நாள் தாண்டினால் அந்த நம்பர் மாற்றாளுக்கே போய்விடும். இந்த விதியை எங்கும் எழுதி வைத்ததில்லை. அதனாலேயே யாரும் மீறியதில்லை.

எண்பத்து நான்கு மார்கழியில் ஊரே இருமியது. அவனும் ஜுரத்தில் விழுந்தான். மனைவி பாஞ்சாலியின் தம்பி துரைக்கண்ணுவைத் தன் நம்பரில் தூக்கக் கெடார் கிராமத்திலிருந்து வரவழைத்தான்.

"ஒரு வாரந்தான் மச்சான். மூக்கு ஒழுவறது நின்னா வந்துர்றேன்."

"நீ படு மாமா. மூட்ட எங்க ஓடிடப் போவுது."

ஆறாம் நாள் ஜுரம் விட்டது. எட்டாம் நாள் கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். நெஞ்சு படபடத்தது. கணுக்கால் வீங்கியிருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்" என்றாள் பாஞ்சாலி.

"போனா படுக்க வெச்சுடுவாங்க. நாளன்னிக்கோட பத்து நாள் முடியுது. வெறும் அசதிடி இது. ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கினா போதும்."

கம்பவுண்டர் ராயப்பன் ஒரு பாட்டில் போதும் என்றார்.

"ரெண்டாப் போடுங்க. ஜல்தியா எறங்கறாப்பல வையுங்க" என்றான் தாண்டவராயன். ராயப்பன் குழாயைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது பாட்டில் பாதி இறங்கும்போது இருமல் வந்தது. நுரை வந்தது. நுரையில் சிவப்பு இருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி வரை வேனில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே போனான்.

விழுப்புரத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். இதயம் ஊதிப் போயிருந்தது.

"சளி ஜுரம் கொடுத்த கிருமி இதயத் தசையையும் புண்ணாக்கியிருக்கு. இதயத்தால ரத்தத்தை முழுசாத் தள்ள முடியல. தேங்கி நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. காலு வீக்கமும் அதான். இருக்கிற தண்ணியையே இதயத்தால தள்ள முடியல, அதுக்கு மேல ஒன்றரை பாட்டில் ஏத்தியிருக்கீங்க."

"நான்தாங்க ஏத்தச் சொன்னேன்."

"ஆறு மாசம் எதையும் தூக்கக்கூடாது. உப்பக் கொறைக்கணும்."

"நாளைக்கி ஒரு நாள் மட்டும் போய்ட்டு வந்துரட்டுங்களா?"

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்தாம் நாள் அங்கேயே கழிந்தது. பாஞ்சாலி தம்பியிடம் நம்பரைப் பற்றிக் கேட்டாள். "நானா கேட்டேன்? மேஸ்திரிதான் பதினேழுல எம் பேர எழுதிக்கினாரு" என்றான் துரைக்கண்ணு. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள்.

ஏழாம் மாதம் தாண்டவராயன் மண்டிக்குப் போனான்.

"ஒடம்பு தேவலையா?" என்றார் மேஸ்திரி அப்பாதுரை.

"நல்லாக்கீறேண்ணே. என் நம்பரு..."

"துரை நல்லாத் தூக்கறான். சரி, நீ ஒண்ணு தூக்கிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

முதுகில் மூட்டையை ஏற்றினார்கள். எட்டடி நடந்தான். லாரிப் பலகையில் ஒரு கால் வைத்தான். மற்ற கால் வரவில்லை. வாயைத் திறந்து மூச்சை வாங்கினான். யாராவது கிண்டல் செய்வார்கள் என்று காத்திருந்தான். யாரும் செய்யவில்லை.

துரைக்கண்ணு வந்து குனிந்து மூட்டையைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டான்.

"நவுரு மாமா. லாரி நிக்குது."