பூஜையில் வைத்த ஆட்டுப் புத்தகம்

சேரன்மகாதேவி சித்ரலேகாவிடம் யாராவது, "பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் தொங்கிப்போகும். அவள் பி.எட். முடித்தவள். அப்பா தலைமையாசிரியராக இருந்தவர், அத்தைமாரும் டீச்சர்கள். தெருவே வாத்தியார் வீடு என்று சொல்லும் குடும்பத்தில், அவளுடைய ஒரே மகள் பிருந்தா நாலாம் வகுப்போடு இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

பிள்ளைக்குத் திக்குவாய். வகுப்பில் டீச்சர் புண்ணியவதி ஒருத்தி அவளை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லி, அவள் திக்கியதை அப்படியே திக்கிக் காட்டினாள். பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அன்றிலிருந்து காலையில் வேன் சத்தம் கேட்டாலே பிருந்தா வாந்தி எடுத்தாள். அப்பா மகேஸ்வரன்தான் ஒருநாள், "போதும், டி.சி.யை வாங்கிருவோம். நீ பி.எட். படிச்சது எதுக்கு? வீட்டுல வச்சே சொல்லிக்கொடு" என்றான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் திருநெல்வேலி ஆபீஸுக்கு பஸ் ஏறிவிட்டான். அவனுக்குச் சொல்வதோடு வேலை முடிந்தது.

சித்ரலேகா லேசுப்பட்டவளா? பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே ஆளுக்கொரு பேச்சு. சமச்சீர்ப் புத்தகமே போதும் என்பார் ஒருவர். அதைத் தொட்டாலே பிள்ளை கெட்டுப்போகும் என்பார் இன்னொருவர். பின்னால் திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று வேறொருவர் தைரியம் சொன்னார். கோயம்புத்தூர் நிலோஃபர் மட்டும், "இப்ப ஒண்ணும் வாங்காதீங்க. பயம் தெளியிற வரைக்கும் பிள்ளையைச் சும்மா விடுங்க. அதுவா எதைக் கையில எடுக்குதுன்னு பாருங்க" என்றாள். சும்மா விடுவதா! வாத்தியார் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது.

பெங்களூரிலிருந்து பெரிய பெட்டி வந்தது. உள்ளே மணிச்சட்டம், மர எழுத்துகள், தாய்மாருக்கு வழிகாட்ட இங்கிலீஷில் தடித்தடியாகப் புத்தகங்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள இவளுக்கே ஒரு டீச்சர் தேவைப்பட்டது. போதாததற்கு டவுனில் பயிற்சிப் புத்தகங்கள், செல்போனில் ஒரு ஆப். கடைசியாக ஹாலில் கரும்பலகையை மாட்டி, சேலையை விறைப்பாகக் கட்டிக்கொண்டு, "வா, உக்காரு" என்றாள். பலகையைப் பார்த்த பிருந்தா குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பாவம், வீட்டையே பள்ளிக்கூடமாக்கினால் பிள்ளை எங்கே போகும்?

போவதற்கு ஒரு இடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், கன்னடியன் கால்வாய்க் கரையில், பேச்சிராஜின் ஆட்டுக்கொட்டகை. பிருந்தா பொழுதெல்லாம் அங்கேயே கிடந்தாள். ஒருநாள் அவளைத் தேடிக்கொண்டு போன சித்ரலேகா, ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே மகளின் குரல்.

"ஏட்டி செவலை, கேட்டியா? சினை ஆட்டுக்குக் கடைசி மாசம் தீவனம் கூட்டிக் குடுக்கணுமாம். குளிர்ல கட்டப்பிடாதாம்."

ஒரு இடத்தில்கூடத் திக்கல் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரிப் பயிற்சியில் பேச்சிராஜுக்குக் கொடுத்த ஆடு வளர்ப்புக் கையேட்டை, சினையாக நின்ற செவலை ஆட்டுக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சித்ரலேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவளிடம் 'அம்மா' என்று சொல்லவே அந்தப் பிள்ளை நாலு தடவை முட்டிமோதும். என்னிடமும் இப்படி ஒரு வார்த்தை திக்காமல் பேசிவிட்டாளானால் போதுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"டீச்சரம்மா, அந்தப் புஸ்தகம் எனக்கு எதுக்கு? பாப்பாவே வச்சுக்கிடட்டும்" என்றான் பேச்சிராஜ். புத்தகத்தோடு வீட்டுக்குள் ஆட்டு நாற்றமும் வந்தது. சித்ரலேகா அதைப் பொறுத்துக்கொண்டாள். கரும்பலகையைக் கழற்றிப் பரணில் போட்டாள். பிருந்தா சாப்பிடும்போதும் அந்தக் கையேட்டை விடவில்லை. செவலை எப்போது குட்டி போடும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

இப்படி எல்லாம் கூடிவரும்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது. வாத்தியார் வீட்டில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. சித்ரலேகா குளித்து முழுகி, வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பட்டு விரித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே எதை வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. மகள் கையில் இருந்த ஆட்டுப் புத்தகத்தை ஆசையாக வாங்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, உச்சியில் வைத்தாள்.

"அ... அம்மா, நான் இன்னும் மு... முடிக்கல."

"இன்னைக்கு வாசிக்கக் கூடாதுட்டி. நாளைக்கு விஜயதசமி, அந்தப் புஸ்தகத்தைத்தான் முதல்ல எடுத்து உன் கையில தருவேன்."

மத்தியானம் செவலைக்கு வலி கண்டது. கொட்டகைக்கும் வீட்டுக்குமாக ஓடிய பிருந்தா, மூச்சு வாங்க வந்து நின்றாள். "அ... அம்மா, த... தலை வ... வரல. புஸ்தகத்துல அ... அது இருக்கு. கு... குடும்மா."

"பூஜையில வச்சதை எடுக்கப்பிடாதுட்டி, சாமி குத்தம் ஆயிரும். பேச்சிராஜுக்குத் தெரியாததா? அவன் பாத்துக்கிடுவான், நீ போ."

பிள்ளை பூஜை அறை வாசலில் நின்று அந்தப் புத்தகத்தையே பார்த்தாள். எட்டினால் கைக்கு வந்துவிடும். ஆனால் சொன்ன சொல் கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே, எடுக்கவில்லை. திரும்பிக் கொட்டகைக்கு ஓடினாள்.

ஆயுத பூஜை விடுமுறை, கால்நடை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. பேச்சிராஜ் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தான். தாய் பிழைத்தது. குட்டி செத்துத்தான் வந்தது.

"ஆட்டுல இது நடக்கதுதான் டீச்சரம்மா. புஸ்தகம் இருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றான் அவன். சித்ரலேகா சொன்னாள். மடியில் போட்டுச் சொன்னாள், சோறு ஊட்டிக்கொண்டு சொன்னாள். மகேஸ்வரனும் வந்து சொன்னான். பிருந்தா அழவும் இல்லை, பதில் பேசவும் இல்லை. அந்த மௌனத்தை என்ன செய்வது என்று எந்தக் குழுவில் போய்க் கேட்பது?

விடிந்ததும் சித்ரலேகா தீபாராதனை காட்டிவிட்டு ஆட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மகளை மணையில் உட்காரவைத்து, முன்னால் நீட்டினாள். "ஒரே ஒரு வரி வாசி கண்ணு. அம்மாவுக்காக."

பிருந்தா புத்தகத்தை வாங்கவில்லை. அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இனிமே எந்தப் புஸ்தகமும் வேண்டாம்மா."

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. இத்தனை காலம் ஏங்கிக் கிடந்த பேச்சு இப்படியா வந்து சேர வேண்டும்! சித்ரலேகா புத்தகத்தை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டாள்.