மூச்சு விடும் இடம்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கரகரப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குரல் கணீரென்றுதான் இருந்தது என்று அவள் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிப்போனது. ஊரிலுள்ள விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் ஒருத்தி விரிப்பைக் கொடுக்க, மறுபக்கம் இரண்டு பேர் இழுத்து மடிக்க வேண்டும். கை தப்பாமலிருக்க யாராவது தாளம் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கியவள் இவள். ஒன்று, இரண்டு என்று சொல்லிச் சலித்து, மேற்பார்வையாளரை வம்புக்கிழுத்து வரிகள் கட்டினாள். வேலை மளமளவென்று நடந்ததால் அந்த மனுஷனும் காதில் விழாத மாதிரி போய்விடுவார்.

ராப் பாட வந்தது இப்படித்தான். போட்டி போட்டியாகப் போய்த் தோற்றாள். பெண்பிள்ளைக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்ட நடுவரிடம், கோபத்தை ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்று தைத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு இறங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, வாய்க்கு மட்டும் என்றைக்குமே குறைச்சல் இல்லை. சலவைக்கூடத்துத் துணி வேன் ஓட்டும் அவள் அண்ணன் ஒருத்தன்தான் கூடவே அலைந்தான். நிகழ்ச்சி பிடிப்பது, மேடையில் மடிக்கணினியை வைத்துத் தாளம் ஓட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

முப்பது தாண்டிய பிறகு ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது.

நீ கசக்கிப் போட்ட வெள்ளையை நான் வெளுத்து அடுக்குறேன்,
உன் கறை பூராத் தெரிஞ்சும் வாயை மூடி மடிக்கிறேன்.

அதைப் பதிவு செய்த விதத்தில்தான் வந்தது வினை. பதிவுக்காரன் நான்கு நான்கு வரியாகப் பாட வைத்து ஒட்டினான். ஒட்டும்போது நடுவில் இருந்த மூச்சுச் சத்தத்தையெல்லாம் சுத்தமாக வெட்டிவிட்டான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். மூச்சே விடாமல் இத்தனை வரியா என்று அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இவளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புகழ் யாருக்குக் கசக்கும்? சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

முழுப் பாட்டையும் ஒரே மூச்சாக உரக்கப் பாடிப் பார்க்கும் புத்தியும் வரவில்லை. அந்தப் பாட்டோடு ஏறிய முதல் மேடையில் எட்டாவது வரியிலேயே காற்று தீர்ந்தது. வார்த்தை தொண்டையில் நிற்க, தாளம் மட்டும் தன்பாட்டுக்குப் போனது. கூட்டம் கூவியது. பதிவில் இருப்பது அவள் குரலே இல்லை, எல்லாம் கணினி வேலை என்று ஊர் முழுக்கப் பேச்சு. சலவைக்கூடத்தில் பல வருஷமாக எதிரே நின்று விரிப்பு மடிக்கும் கூட்டாளியே மெதுவாகக் கேட்டாள், நிஜமாகவே நீதான் பாடினாயா என்று. ஊர் சொன்னது உறைக்கவில்லை, இது உறைத்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்ததாக ஒரு கடை வளாகத்தில் பாட அண்ணன் வாய்ப்புப் பிடித்து வந்தான். பதிவையே குரலோடு ஓட்டிவிடலாம், உதட்டை அசைத்தால் போதும், பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்றான்.

"இன்னொரு தடவை சொதப்பினா உன்னை எவனும் கூப்பிட மாட்டான்மா."

"கூப்பிடாட்டி போறான். என் குரலுக்கு நானே வாயசைக்கவாண்ணா இத்தனை வருஷம் கத்தினேன்?"

சரி, வெறும் தாளம்தான் என்று அவன் தலையாட்டினான்.

அன்று மேடை ஏறினால், முன்வரிசையில் அந்தக் கூட்டாளி நிற்கிறாள். தாளம் தொடங்கியது. கூடவே குரலும் வந்தது. தங்கை மறுபடி அவமானப்படக் கூடாதே என்ற பயத்தில் அண்ணன் பதிவை ஓட்டிவிட்டான். பாசத்தில் செய்ததுதான், அதற்காகத் துரோகம் இல்லையென்று ஆகிவிடுமா? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு நடுமேடையில் நின்றாள். அவள் குரல் அவள் இல்லாமல் பாடிக்கொண்டே போனது. ஒரு கணம் கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வெடித்தது. அண்ணன் அவசரமாக எல்லாவற்றையும் நிறுத்தினான்.

தாளமும் இல்லை. அவள் தொடங்கினாள். எட்டாவது வரி வந்தது, காற்று தீர்ந்தது. நிறுத்தினாள். ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி இழுத்து மூச்சு விட்டாள்.

"என்னக்கா, மூச்சு வாங்குதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"ஆமாடா, வாங்குது. உயிரோட இருக்கிறவ பாடுறேன். கொஞ்சம் இரு, மூச்சு விட்டுட்டு மிச்சத்தைச் சொல்றேன்."

இருந்தார்கள். அவள் அவசரப்படாமல் மூச்சை விட்டுவிட்டு, ஒன்பதாவது வரியை எடுத்தாள்.