செங்கோடன் பார்த்துச் சொன்னது

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த குண்டனி நாட்டில் செங்கோடனின் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் லேசில் நிறுத்த மாட்டார்கள். எதிர்மலையில் மேய்கிற மாட்டுக்கு எந்தக் கொம்பு உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான், பன்றி பள்ளத்தில் இறங்கும் முன்பே புல் அசைவதைப் பார்த்துவிடுவான் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்வார்கள். அவனும் அதை மறுத்ததில்லை. ஊரில் அவனுக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தக் கண்ணால் வந்தது. மீதிப் பாதி, வாயைத் திறக்காதவன் என்பதால் வந்தது. அந்த இரண்டாவது பாதிதான் பொய்யாகப் போயிற்று.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலையில் பாதிக் காட்டைச் சுற்றிக் கல் நட்டு, இதற்குள்ளே எவனும் வெட்டக்கூடாது, விதைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொன்னவர்களுக்கு வேளைக்குச் சோறு கிடைத்தது. கல்லுக்கு வெளியே இருந்த நிலமோ மலைக்காரர்களின் வயிற்றுக்குப் போதவில்லை. அதனால் மழைக்கு முன்னே கல்லைத் தாண்டிப் போய்ச் சின்ன மரங்களை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாமை தூவிவிட்டு வருவது எல்லா ஊரிலும் நடந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் வெளியே சொல்வதில்லை. இது யாரும் கூட்டம் போட்டு வைத்த கட்டுப்பாடு அல்ல.

செங்கோடன் பயிர் செய்த காடு ஒரு மேட்டில் இருந்தது. விதைப்பு முடிந்ததிலிருந்து அறுப்பு வரை பகலெல்லாம் அவன் காவல் பரண்மேல்தான் இருப்பான். அங்கிருந்து பார்த்தால் ஓடைக்கு அப்பால், கல்லுக்கு உட்பட்ட சரிவு முழுதும் தெரியும். காட்டைக் காக்கிற கார்டு சுப்பண்ணனுக்கும் இது தெரிந்திருந்தது. அடிவாரத்து விவசாயக் குடும்பத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, மலை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவர். சோளக்காட்டுச் சந்தையில் ஒருநாள் செங்கோடனை ஓரமாக அழைத்துப்போனார்.

"செங்கோடா, நீ பரண்ல சும்மா உக்காந்திருக்கறவன்தான? கல்லுக்கு உள்ளார எவனாச்சும் வெதச்சிருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லு. உன்ற மாடு கல்லத் தாண்டி மேஞ்சா நானும் கண்டுக்க மாட்டேன்."

"அது வேவு பாக்கறதாட்ட ஆயிருமுங்களே, சாமி."

"வேவா? பெரிய பேச்செல்லாம் பேசற. உன்ற காட்ட நீ காவல் காக்கற. அப்பக் கண்ணுல பட்டதச் சொல்லற. அவ்வளவுதான்."

பார்ப்பது என்கிற ஒரே காரியத்துக்கு நம் வாயில்தான் எத்தனை பெயர்! பயிரைப் பார்த்தால் காவல். கூலியாள் வேலை செய்கிறானா என்று பார்த்தால் அது கண்காணிப்பு, செய்கிறவருக்குத் தலைப்பாகை கூட உண்டு. திருட நினைப்பவன் முதல்நாளே வந்து பார்த்துவிட்டுப் போவது நோட்டம். ராஜா ஆள் வைத்துப் பார்த்தால் ஒற்று என்று புலவர்கள் கௌரவமாக எழுதுவார்கள். போலீசுக்குச் சொன்னால் துப்பு, சுவரில் காதை வைத்தால் ஒட்டுக்கேட்பது. கூட இருந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து அடுத்தவனிடம் சொல்வதற்கு மட்டும் வேவு என்று பெயர், அந்தப் பெயருக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. செங்கோடனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சரியான வார்த்தை அவன் வாயில்தான் முதலில் வந்தது. கார்டு கொடுத்த வார்த்தை சௌகரியமாக இருந்தது, அதை வாங்கிக்கொண்டான்.

மழை பிடித்துச் சாமை முழங்கால் உயரம் வந்திருந்தபோது, எதிர்ச்சரிவில் ஒரு புதுப் பச்சை தெரிந்தது. நடுவில் வெட்டின மரக்கட்டைகள் நின்றன. மழைக்கு முகம் மறையத் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு யாரோ களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் ஆளைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்த்தான். இடுப்பளவு உயரம். குண்டனி நாட்டார் மரத்தை முழங்காலுக்குக் கீழே வெட்டுவார்கள். தேவனூர் நாட்டார், அடுத்த மழைக்கு அது துளிர்க்கட்டும் என்று இடுப்பளவு விட்டு வெட்டுவார்கள். ஓடைத் தண்ணீர் விஷயத்தில் இரண்டு நாட்டாருக்கும் வாய்த்தகராறு இருந்த வருஷம் அது. அவன் மனம் கணக்கை உடனே முடித்துவிட்டது.

அவன் தங்கை கண்ணாயி வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தப் பக்கம்தான் என்பது ஒரு கணம் நினைவுக்கு வரவே செய்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள். ஆனால் அவளுக்கு மரம் வெட்டக் கற்றுக்கொடுத்ததே அவன். அவள் முழங்காலுக்குக் கீழேதான் வெட்டுவாள். எதிரே இருந்த உருவம் நிமிர்ந்து கையை வீசியது. குருவி ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த சந்தையன்று கார்டிடம் சொன்னான். இரண்டே வாக்கியம். சொல்லிவிட்டு மிளகு விற்கப் போனான்.

கார்டு ஆட்களோடு போய்ச் சாமையை வேரோடு பிடுங்கிப் போட்டார். கண்ணாயியின் களைக்கொத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கீழ்நாட்டுக் கச்சேரிக்கு நடத்திப் போனார்கள். அபராதம் கட்டித் திரும்பியவள், பிள்ளைகளைக்கூடப் பார்க்காமல் நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். அந்தப் பயிர் அவளுடையது என்று செங்கோடனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் மனைவி பெருமாயி கொடுத்த கூழைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாயி குடிக்காமலே பேசினாள்.

"பிள்ளைவளுக்கு அடுத்த மழ வரைக்கும் அந்தச் சாமதானுங்கண்ணா. எவனோ வேவு பாத்துச் சொல்லியிருக்கறான். எங்கூரு அண்ணாமலதான். சந்தையில கார்டோட மூட்டையச் சொமந்துட்டுப் போனத நாலு பேரு பாத்திருக்கறாங்க."

செங்கோடன் தொட்டுக்கொள்ள மிளகாயை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அந்தக் காட்டுக்குத் தனியாப் போறியே, பயமா இல்லையான்னு எல்லாருங் கேப்பாங்க. எனக்கென்னங்கண்ணா பயம்? அங்கிருந்து பாத்தா உங்க பரணு தெரியும். அண்ணன் பாத்துட்டுத்தான் இருக்காருன்னு நெனச்சுக்குவேன். கையக்கூட ஆட்டுவேன். நீங்க பாக்கல போல."

பெருமாயி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மாடு கல்லைத் தாண்டி மேய்ந்தும் கார்டு ஏன் கேட்பதில்லை என்று அவளுக்குப் பல நாளாகச் சந்தேகம். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தன் வீட்டிலேயே உட்கார இடமில்லாதவன் போல அவன் நின்றான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

இதை விசாரிக்கத் தேவனூர் நாட்டுக் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. கண்ணாயியின் பிறந்த வீட்டுப் பக்கம் என்று செங்கோடனையும் கூப்பிட்டிருந்தார்கள். நாட்டுத் தலைவரான பட்டக்காரர், கற்பூரம் ஏற்றி அதை அடித்து அணைத்து, தான் வேவு சொல்லவில்லை என்று சத்தியம் செய்யும்படி அண்ணாமலையிடம் சொன்னார். மறுத்தால் ஊர்விலக்கு. அண்ணாமலையின் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

"மூட்ட தூக்கச் சொன்னாரு, தூக்கினேனுங்க. அதுக்கு என்னைய இப்பிடி நிறுத்திப்போட்டீங்களே!" என்று அந்த ஆள் அழுதான்.

சத்தியம் செய்தால் அது நிஜச் சத்தியம்தானே, அவனுக்கு ஒன்றும் ஆகாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் செங்கோடன் முதலில் நினைத்தான். இதையும் மறைக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நினைத்தான். ஆனால் நாளைக்கு அண்ணாமலையின் ஆடு ஒன்று செத்தாலும், மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், பொய்ச் சத்தியம் பலித்துவிட்டது என்று ஊர் சொல்லும். கற்பூரம் பற்றிக்கொண்டது. அண்ணாமலை கையைத் தூக்கினான்.

"அவுரு வேண்டாமுங்க" என்றான் செங்கோடன். "வேவு பாத்தது நானுங்க."

கூட்டத்தில் சிலர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவன் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணாயி பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள். "நான்னு தெரிஞ்சுங்களா சொன்னீங்க?"

"இல்ல கண்ணு, சாமி சத்தியமா இல்ல. கட்ட இடுப்பளவு நின்னுச்சு. நீ அப்பிடி வெட்ட மாட்டியே. தேவனூர்க்காரங்க எவனோன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து அவன் சொன்ன வார்த்தை இது. சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் நிற்பவர்கள் யார் என்று பார்த்தான். அத்தனை பேரும் தேவனூர் நாட்டார். பட்டக்காரர் காறித் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க வந்தப்பறம் என்ற மாமியாதானுங்க அப்பிடி வெட்டச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் கண்ணாயி. அவள் அழவில்லை. பெண்கள் பக்கம் நின்ற அண்ணாமலையின் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் அவனை விலக்கவில்லை. தண்டம் போட்டார்கள், கட்டினான். அறுத்த சாமையில் பாதியைத் தங்கை வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தான், அவளும் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டாள். பரண் ஏறுவதை விட்டுவிட்டான். எதிர்மலையில் யாராவது எதையாவது காட்டி, அது என்ன பாரப்பா என்று கேட்டால், கண் மங்கிவிட்டது என்பான். ஒரு குறையும் இல்லாத கண்.

கண்ணாயி அண்ணன் வீட்டுக்கு வராமல் இருந்துவிடவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தாள், பெருமாயியோடு சிரித்துப் பேசினாள். முன்பெல்லாம் ஓடையைத் தாண்டும்போதே, "அண்ணா, வந்துட்டேனுங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவாள். இப்போது வாசலுக்கு வெளியே, அசலார் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, ஊட்ல யாருங்க? தேவனூர்க்காரி வந்திருக்கறேன்."